நாற்பது நிமிடக்காரர்

எங்கே புறப்பட்டாலும், முதல் அடி வைக்கும் முன் இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். மலைப்பாதைக்குப் போகும்போது மட்டுமல்ல, எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடைக்குச் சாலையைக் கடக்கும்போதும் பார்ப்பார். கடந்து முடித்ததும் இன்னொரு முறை பார்ப்பார். உதடு லேசாக அசையும். பத்தொன்பது வருடங்களாக என் தையல் அறையின் ஜன்னல் வழியாக இதைப் பார்த்து வருகிறேன். ஒருநாள் என்னிடமே சொன்னார்: "ரொட்டிக் கடைக்குப் பதினோரு செகண்டு தங்கச்சி. வண்டி வந்தா பதினாலு. ஆனா வண்டிக்காக நின்னதக் கழிச்சுட்டா பதினொண்ணுதான்."

என் ஜன்னலுக்கு நேரே ஒரு மரக்கம்பம் நிற்கிறது. ஊரைச் சுற்றியுள்ள நடைப்பாதைகள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. குன்றின் மேல் போவது, பாறை விளிம்பை ஒட்டிப் போவது, கடலோரமாக இறங்குவது என்று மொத்தம் பதினொன்று. கம்பத்தில் பதினொரு பலகைகள். ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர், அம்புக்குறி, எத்தனை நிமிடம் என்ற கணக்கு. கிலோமீட்டர் கிடையாது. "கிலோமீட்டரச் சொன்னா யாருக்குப் புரியும்? நேரம்னா எல்லாருக்கும் புரியும்" என்பது அவர் கட்சி. அந்தப் பலகைகளைச் செய்தவர், எழுதியவர், பாதைகளை வெட்டித் திருத்தி வைத்திருப்பவர், எல்லாம் அவர்தான். நகராட்சியில் பாதைப் பணியாளர் என்று அவருக்கு ஒரு பதவி இருக்கிறது. ஊரில் அவருக்கு வேறு பெயர். நாற்பது.

காரணம் மேலே உள்ள முதல் பலகை. 'கலங்கரை விளக்கம் – 40 நிமிடம்.' அந்த நாற்பது நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவர் என்று அவரைத் தவிர யாரையும் நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்கள் காலையில் சிரித்துக்கொண்டு கிளம்புவார்கள். மதியம் முகம் சிவந்து, சட்டை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வருவார்கள். கம்பத்தின் அடியில் நின்று அந்த எண்ணை ஒரு பார்வை பார்ப்பார்கள். சிலர் திட்டுவார்கள். ஒருவர் அதன் பக்கத்தில் கரியால் 'பறந்து போனால்' என்று எழுதிவிட்டே போனார். ஊருக்குள் யாராவது "பத்து நிமிஷத்துல வர்றேன்" என்றால், "நம்ம நிமிஷமா, நாப்பதோட நிமிஷமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவருக்கு இதில் கோபமே இல்லை. பாதையைப் பற்றி ஊரே பேசுகிறது என்று சந்தோஷம்தான்.

நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன். கூப்பிடுகிறேன் என்பதுகூடச் சரியில்லை, மனதுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். முள்ளில் கிழிந்த கால்சட்டைகளைத் தைக்கக் கொண்டுவருவார். கிழிசலைப் பார்த்தே எந்தப் பாதையில் போய் வந்தார் என்று எனக்குத் தெரிந்துவிடும். முட்டியில் நீளமாகக் கிழிந்திருந்தால் கலங்கரை விளக்கத்து முட்புதர். தொடையில் எல் வடிவத்தில் என்றால் மேய்ச்சல் நிலத்து வேலிக்கம்பி. காலடி மடிப்பு நைந்திருந்தால் கூழாங்கல் துறையின் பாறை. நான் தைத்து முடிக்கும் வரை முக்காலியில் உட்கார்ந்து பேசுவார். உப்புக்காற்று திருகாணிகளைத் தின்பதைப் பற்றி, மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடாமல் குறுக்கே வாய்க்கால் கீறிவிட வேண்டியதைப் பற்றி, மஞ்சள் பெயிண்ட் புள்ளியைக் கல்லின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போனவன் திரும்ப மாட்டான் என்பதைப் பற்றி. அரைமணி நேரம் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன். எழுந்திருக்கும்போது சொல்வார்: "உன்கிட்டப் பேசினா நேரம் போறதே தெரியல தங்கச்சி. நல்லாப் பேசற."

அவர் நேரம் அளக்கும் முறையை அந்த முக்காலியில்தான் கேட்டேன். சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு. அதில் மூன்று கட்டம். மொத்தம், கழிவு, நிகரம். நடக்கத் தொடங்கியதிலிருந்து முடிக்கும் வரை ஆனது மொத்தம். நடுவே நின்றதெல்லாம் கழிவு. செருப்பு வார் கட்ட நின்றது, தண்ணீர் குடிக்க நின்றது, எதிரே வந்தவரிடம் பேச நின்றது, மூச்சு வாங்க நின்றது. "நின்னா அது நடை இல்லையே. நடைக்குத்தான போர்டு?" கடல் பார்க்க நின்றதும் கழிவுதான். மீதி நிகரம். நிகரம்தான் பலகையில் ஏறும். யாரையும் ஏமாற்ற அவர் நினைத்ததில்லை. அரை நிமிடம் கூடிவிடக் கூடாது என்று அத்தனை நேர்மையாகக் கழித்திருக்கிறார்.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். முப்பது வருடம் நின்றே வேலை செய்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டன. கடை என் அறைக்கு அடுத்த கதவு. வேலை முடிந்து போகும்போது ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, ஒரு காலை மாற்றி ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு நிற்பார். ஊரில் பாதைகளைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் அவர்தான். அந்தக் கம்பத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தும் நான் பார்த்ததில்லை. ஒருநாள், நான் கேட்காமலே, அவரே சொன்னார்.

கல்யாணமாகி இரண்டாவது வாரம். அவர் கடலே இல்லாத ஊரிலிருந்து வந்தவர். "வா, லைட் ஹவுஸ் காட்டறேன்" என்று அண்ணன் கூட்டிப் போயிருக்கிறார். பாதி வழியில் ஒரு வளைவு. அதுவரை புதர்தான். வளைவில் திரும்பியதும் கீழே கடல் முழுவதும் திறந்துகொள்ளும். அண்ணி நின்றுவிட்டார். பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். திரும்பினால் அண்ணனைக் காணோம்.

"கூப்பிட்டுப் பாத்தேன். காத்துல என் சத்தம் எனக்கே கேக்கல. அங்க தட்டையா ஒரு பாறை. அதுல உக்காந்தேன். ரெண்டு மணி நேரம். இவரு மேல போயி, அளந்து, நான் வீட்டுக்குத் திரும்பிட்டேன்னு அவரா நெனச்சுக்கிட்டு அந்தப் பக்கத்துப் பாதையில எறங்கிப் போயிட்டாரு. நான் தனியா எறங்கி வந்தேன். அன்னிக்கு உக்காந்தவதான் தங்கச்சி. இருபத்தாறு வருஷமா இன்னும் எந்திரிக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கம்பத்தைப் பார்த்துத் தாடையால் காட்டினார். "அதுல நாப்பதுன்னு போட்டிருக்கே, அது என்னை விட்டுட்டுப் போன நேரம். ஊருக்கே எழுதி வச்சிருக்காரு."

ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவர். நடுவில் ஊசியோடு நான். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

போன வருடம் கோடைவிடுமுறையில்தான் அது நடந்தது. கூழாங்கல் துறைப் பாதை பாறைச் சுவரின் அடியில் கடலோரமாகப் போவது. தண்ணீர் வற்றியிருக்கும்போது மட்டும் நடக்கலாம். ஏறிவிட்டால் ஒதுங்க இடமில்லை. தண்ணீர் ஏறும் நேரத்தை அண்ணன் தினமும் காலையில் ஒரு சிலேட்டில் எழுதித் தொங்கவிடுவார். அதன் மேலே பலகை: 'மறுகரை – 15 நிமிடம்.' ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் அவர் மகளும் சிலேட்டைப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற இன்னும் அரைமணி இருந்தது. பலகையைப் பார்த்திருக்கிறார்கள். தாராளம் என்று இறங்கிவிட்டார்கள். பாதி தூரத்தில் தண்ணீர் முட்டிக்கு வந்துவிட்டது. ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தவர்களை மீன்பிடி படகுக்காரர் ஒருவர்தான் போய் ஏற்றி வந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு ஜோடி செருப்பும் ஒரு தொப்பியும் போயின.

மறுநாள் அந்த டீச்சர் பையின் வார் அறுந்துவிட்டது என்று என்னிடம் வந்தார். பை இன்னும் ஈரம், உப்பு பூத்திருந்தது. அண்ணன் முக்காலியில் இருந்தார். இவர்தான் பலகை எழுதியவர் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, டீச்சர் அவரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்தப் பதினஞ்சு நிமிஷம் யாருங்க நடந்தது?"

"நான்தான் நடந்தேன் டீச்சர்."

"வழியில கல்லு எதுவும் பொறுக்கலையா?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "கல்லா? இல்லைங்க."

டீச்சர் பைக்குள் கையை விட்டு ஒரு கூழாங்கல்லை எடுத்து என் தையல் மேசையில் வைத்தார். பச்சைக் கல், நடுவே வெள்ளைக் கோடு. "இவ்வளவு அழகா இருக்கு. எப்படிங்க பொறுக்காம வந்தீங்க?" என்றார்.

திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். நான் பையைத் தைத்துக் கொடுத்து, டீச்சர் வாங்கிப் போன பிறகும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளம்பியதும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாலையைக் கடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் உதடு அசையவில்லை.

அந்த வாரமே நகராட்சியில் கூப்பிட்டுவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரி ஒரு பெண். மழைக்காலம் தொடங்குவதற்குள் பதினொரு பாதைகளையும் சாதாரண ஆள் ஒருவரை நடக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும். முடியாவிட்டால் வெளியூர்க் கம்பெனி ஒன்று போனிலேயே அளந்து தகரப் பலகை மாட்டிவிடும். இவர் இனி புல் வெட்டினால் போதும். இதுதான் உத்தரவு. அண்ணன் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"சாதாரண ஆளுன்னா யாரு தங்கச்சி? வர்ற ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி நடக்கறான். ஒருத்தன் ஓடறான், ஒருத்தி பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போறா. நான் எங்க போயிச் சாதாரண ஆளத் தேடுவேன்?"

ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. முழங்கையை ஊன்றி அண்ணி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நான் வர்றேன்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "உனக்கு முட்டி..."

"முட்டியோடதான் வர்றேன். கழட்டி வச்சுட்டா வர முடியும்? உங்க போர்ட நம்பிப் போறவங்களுக்கும் முட்டி இருக்கு."

"ரொம்ப நேரம் ஆகும்மா."

"ஆகட்டும். அதத்தான அளக்கச் சொன்னாங்க?" பிறகு விரலை மடக்கினார். "நான் முன்னால போவேன். நீங்க பின்னாலதான் வரணும். நான் நின்னா நிக்கணும், உக்காந்தா உக்காரணும். சீக்கிரம் வான்னு ஒரு வார்த்தை வாய்ல வரக் கூடாது. எதையும் கழிக்கக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "நீயும் வா. வழியில சண்டை வந்தா சாட்சி வேணும்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனேன்.

முதலில் கலங்கரை விளக்கப் பாதை. அண்ணி அதைத்தான் கேட்டார். கம்பத்தடியில் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், குறிப்பேட்டில் எழுதினார், பழக்கத்தில் ஒரு கால் முன்னால் வைத்துவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அண்ணி போனார். அவர் பின்னால் போனார். பின்னால் நடக்க அவருக்குத் தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல முதலில் கட்டிக்கொண்டார், பிறகு பின்னால் கோத்துக்கொண்டார். அண்ணி ஒவ்வொரு ஏற்றத்திலும் பக்கவாட்டில் காலை வைத்து ஏறினார். வழியில் ஒரு பூவைக் கேட்டார், அண்ணன் பெயர் சொன்னார். மஞ்சள் புள்ளியைத் தடவிப் பார்த்து, "இதுவும் நீங்க வச்சதா?" என்று கேட்டார். தினமும் இந்தப் பெயிண்ட் கறையைத் துவைத்தவர் அவர்தான். ஆனால் புள்ளியை அன்றுதான் பார்த்தார்.

வளைவு வந்தது. கடல் திறந்தது. தட்டைப் பாறை அங்கேயே இருந்தது. அண்ணி அதில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"கால் வலிக்குதாம்மா?"

"இல்ல. கடலப் பாக்கறேன்."

"ம்."

"நீங்க எத்தனை தடவை இந்த வழியா வந்திருப்பீங்க?"

"அது கணக்கே இல்ல."

"இப்ப கடல் என்ன நெறமா இருக்கு? பாக்காம சொல்லுங்க."

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நீலம்."

"திரும்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அண்ணன் திரும்பினார். முந்தின நாள் மழை. ஆறு வந்து சேரும் இடத்தில் செம்மண் கரைந்து கடல் அரைவாசி காவி நிறமாக இருந்தது. அதற்கு அப்பால் சாம்பல். நீலம் எங்கேயும் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பாறையின் ஓரத்தில், இருக்கும் இடத்தில் பாதிக்கும் குறைவாக, உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் ஒரேயடியாப் போயிடல" என்றார். "அந்தா, அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன். கூப்பிட்டேன். மூணு நிமிஷம் நின்னேன் உனக்காக."

அண்ணி அவரைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. இருபத்தாறு வருடமாகத் தெரியாத மூன்று நிமிடம். முகம் இளகியது. உடனே ஏதோ நினைவு வந்து புருவம் ஏறியது.

"அப்ப மொத்தம் நாப்பத்து மூணுல்ல வரணும்? போர்டுல நாப்பதுன்னு இருக்கு?"

அண்ணன் சட்டைப் பைக் குறிப்பேட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதையும் கழிச்சுட்டீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "நின்னது... கழிவுதானம்மா."

நான் முட்புதரைப் பார்த்துக்கொண்டேன். சாட்சியாக வந்தவள் எந்தப் பக்கம் பார்ப்பது? அண்ணி சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால்தானா என்று எனக்குத் தெரியாது. முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஊர்க்காரங்க எதுக்குங்க இந்த மேட்ட ஏறி வர்றாங்க? கடலப் பாக்கத்தான? அதக் கழிச்சுட்டா, கூட வர்றவங்களுக்காக நின்னதையும் கழிச்சுட்டா, அப்புறம் மிச்சம் என்ன இருக்கு? வெறும் காலு."

அண்ணன் குறிப்பேட்டை எடுத்தார். எழுதப் போகிறார் என்று நினைத்தேன். பென்சிலால் 'கழிவு' என்ற கட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலிருந்து கீழ் வரை, அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. காற்று மட்டும் ஏகமாக அடித்தது. அண்ணி சுற்றி ஒருமுறை பார்த்தார். "இதுக்கா அன்னிக்கு அவ்வளவு அவசரம்?" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

பலகையை மாற்றி எழுதிய அன்று கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். ரொட்டிக் கடைக்காரர் வேலையை விட்டு வந்து நின்றார். "நாப்பத அழிச்சுட்டா உன்னை இனிமே என்னன்னுப்பா கூப்பிடறது?" என்று கேட்டார். "நூத்திப் பத்துன்னு கூப்பிடு" என்றார் அண்ணன், பலகையிலிருந்து தூரிகையை எடுக்காமலே. யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. எந்தப் பலகையிலும் இல்லாத அந்த நாற்பதுதான் இப்போதும் அவர் பெயராக இருக்கிறது. நேரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'கடல் பார்க்கும் நேரம் உட்பட.' நகராட்சி அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இந்த வரி வேறு எந்த ஊர்ப் பலகையிலும் இல்லையே என்றாராம். "அது இல்லைன்னா கணக்குத் தப்பாயிடும் மேடம்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதிகாரி பலகையை இன்னொரு முறை படித்துவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார். தகரப் பலகைப் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இப்போதும் புகார் வருகிறது. வேறு மாதிரிப் புகார். இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட்டு வந்து, போர்டு தப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். அண்ணன் அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்கிறார். "கடல் என்ன நெறமா இருந்துச்சு?" பாதிப் பேர் நீலம் என்கிறார்கள்.

பதினொன்றில் எட்டுப் பாதைகளை அளந்துவிட்டார்கள். கூழாங்கல் துறைப் பலகையில் இப்போது ஐம்பது நிமிடம் என்று இருக்கிறது. வீட்டு ஜன்னலில் கூழாங்கற்கள் வரிசையாக இருப்பதாக அண்ணி சொன்னார், எல்லாம் அண்ணன் பொறுக்கியவை. மீதி மூன்றும் செங்குத்து ஏற்றம். அண்ணியின் முட்டி சம்மதிக்கும் நாளில் போவார்கள். அலுவலகம் அவகாசம் கொடுத்திருக்கிறது. அவசரம் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பும் முன் இருவரும் ரொட்டி வாங்கப் போகிறார்கள். சாலையைக் கடக்க அண்ணிக்குப் பிடிமானம் வேண்டும். அண்ணனின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். கடிகாரம் அவர் உள்ளங்கைக்குள் போய்விடுகிறது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் கையை விடுவித்துக்கொள்வதில்லை. சாலையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று இப்போது அவருக்குத் தெரியாது.